தாய்மாமன் எத்தனை பாயிண்ட்?

தொண்ணூறுகளின் கடைசியில் விவேக் நகரில் யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நானும் படித்தேன். மற்றவர்கள் அமெரிக்கா போவதற்குப் படித்தார்கள். நான் எழுத்துகளை அழகாக அடுக்குவதற்குப் படித்தேன். பகலில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. சாயங்காலம் அல்சூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் டிசைன் வகுப்பு. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "அ, ஆ கத்துக் குடுத்தாச்சு, ஏ பி சி டி கத்துக் குடுத்தாச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு பாத்தா மறுபடியும் எழுத்து கத்துக்கப் போறாளாம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வகுப்பெடுத்தவன் ஓவியக் கல்லூரியை அப்போதுதான் முடித்திருந்தான். என்னைவிடச் சின்னவன். எப்போதும் கறுப்புச் சட்டை. அவன் சொன்ன இரண்டு விஷயங்களை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் முக்கியமானது பெரிதாகவும் மற்றதெல்லாம் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. காலி இடம் வீண் இடமல்ல, பக்கம் மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான் என்பது மற்றொன்று. கீழே பன் வேகும் வாசனையில் பசியோடு உட்கார்ந்து கேட்டதாலோ என்னவோ, ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்கிவிட்டது.

பிறகு கண்ணுக்குப் பட்ட எழுத்தையெல்லாம் குறை சொல்லும் வியாதி பிடித்தது. ஓட்டல் பலகையில் ஐந்து வகை எழுத்து இருந்தால் எனக்கு இட்லி இறங்காது. கோயில் திருவிழா நோட்டீஸை வாங்கிப் படிக்காமல் தூர நிறுத்திப் பார்த்து உச்சுக்கொட்டுவேன். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில், "டாக்டர், உங்க போர்டுல எழுத்துக்கு நடுவுல இடைவெளி சரியில்ல, ரெண்டு பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்று சொன்னேன். அவர் ஊசியைக் கொஞ்சம் அழுத்திப் போட்டார்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வெளியில் கொடுத்துச் செய்வதை வீட்டிலேயே செய்யட்டுமே என்று அப்பா பத்திரிகை வேலையை என்னிடம் விட்டார். அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இரண்டு முழுத்தாள். பெரியப்பாவின் பட்டம், சித்தப்பாவின் பழைய பதவி, இன்னும் பேச்சே வராத குழந்தைகளின் பெயர்கள், எல்லாம் இருந்தன. எனக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கத்தால் ஒரே சமயத்தில் இத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா?

நான் அதை ஒழுங்குபடுத்தினேன். நடுவில் அக்கா பெயரும் மாப்பிள்ளை பெயரும். கீழே தேதி, மண்டபம். சுற்றிலும் யானைத் தந்த நிறத்தில் தாராளமான காலி இடம். உறவினர்கள் எல்லோரும் அடியில் ஒரே பத்தியாக, ஏழு பாயிண்ட்டில். ஏழு பாயிண்ட் என்றால் மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்குமே, அந்த அளவு. தாய்மாமனும் அங்கேதான் இருந்தார். அச்சகக்காரர், "கறுப்பு மட்டும் வேணாம்மா, கருமாதிப் பத்திரிகை ஆயிடும்" என்று கெஞ்சியதால் மெரூன் மைக்கு ஒத்துக்கொண்டேன். கறுப்புச் சட்டைக்காரன் அச்சு மாதிரியைப் பார்த்துவிட்டு வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்தான். நான் தரையில் நடக்கவில்லை.

வீட்டில் யாரும் ஒட்டி வைக்கவில்லை. அப்பா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மீதி எங்க?" என்றார். அம்மா மஞ்சளைக் குழைத்து வந்து, நான் அரும்பாடுபட்டு விட்டிருந்த காலி இடத்தின் நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அப்பினாள். "இவ்ளோ எடம் இருக்கே, நல்லா வெக்கலாம்" என்று அவளுக்கு ஒரே திருப்தி.

சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். அல்சூர் ஏரிப் பக்கம் வீடு. வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு போனோம். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். பிறகு அத்தையிடம் நீட்டி, "எம் பேரு எங்கடி கீது?" என்றார். அத்தை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். மாமா பத்திரிகையைத் தட்டில் வைத்து, தட்டை அம்மா பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. அம்மா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அக்கா என்னோடு பேசவில்லை. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க. நீயே போய்ப் பேசு" என்றார் அப்பா.

தனியாகத்தான் போனேன். பயமாக இருந்தது, ஆனாலும் பத்திரிகை அழகாக இருந்தது என்ற எண்ணம் மட்டும் அசையவில்லை. இன்றைக்கும் அசையவில்லை.

"மாமா, முக்கியமானது பெருசா இருக்கணும்கிறது ஒரு விதி" என்று ஆரம்பித்தேன்.

"அப்ப நான் ஏன் எறும்பு சைசுல இருக்கேன்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கிருந்தோ ஒரு பதில் வந்தது. "பெரிய எழுத்தெல்லாம் வெளியாளுக்கு மாமா. யாருக்குக் கல்யாணம், எங்க, எப்பன்னு அவங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரங்களுக்கு உங்களைத் தெரியாதா? நீங்க பத்திரிகையில பேரு பாத்துத்தானா எங்க வீட்டுக்கு வருவீங்க?"

அத்தை சமையலறையிலிருந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. "வெளியாளுக்கா?" என்று கேட்டுவிட்டு மோவாயைத் தடவினார். "பிடு, பிடு" என்று கன்னடத்தில் பேச்சை விடச் சொன்னார். "காபி குடிச்சுட்டுக் கெளம்பு" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்புறம் ஆள் அனுப்பியும் பதில் இல்லை. அம்மா பேருக்குச் சாப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு ஆட்டோவில் மண்டபத்துக்குப் போனோம். தெருமுனை திரும்பியதும் அம்மா "ஐயோ!" என்றாள்.

மண்டபத்தின் முகப்பையே மறைத்துக்கொண்டு ஒரு துணி பேனர் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல். தாய்மாமன் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறார் என்று இருந்தது. அவர் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் என் உயரம். மணமக்கள் ஒரு ஓரத்தில் ஒடுங்கியிருந்தார்கள். அடியில் பட்டு வேட்டியோடு மாமா நின்று, கயிறு கட்டுகிறவனைக் கன்னடத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை, சீர்வரிசைத் தட்டுகளோடு.

என்னைப் பார்த்ததும் மாமா கூப்பிட்டார். "நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டேம்மா. சொந்தக்காரனுக்கு என்னைத் தெரியும். வெளியாளுக்குத் தெரியாதுல்ல? அதான் பெருசா போட்டேன்!"

அதற்குள் அம்மா ஓடிப்போய்த் தன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படியொரு நிம்மதி. அப்பா என் காதருகே குனிந்தார். "இதுல எதாவது தப்பு கண்டுபிடிச்சே, உன்னை உள்ளயே விடமாட்டேன்."

எனக்குச் சொல்வதற்கு எக்கச்சக்கமாக இருந்தது. பேனரின் வலது பக்கம் தொய்ந்து, மாமாவின் கடைசி எழுத்து மடிந்திருந்தது. போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.