குளத்துக்குள் சரளா கனக்கவில்லை

கனகராஜின் தோளை ஏமாற்றுவது லேசான காரியமில்லை. பீடோர் பக்கத்துத் தோட்டத்தில், தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர் பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்தவர். கணக்கெழுதும் கிராணி நிறுத்துச் சொல்லுமுன்பே எடையைத் தோள் சொல்லிவிடும். ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாகி, பிழைப்புக்கு ஈப்போவுக்கு வந்து, ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்று ஜாகா வேலை பார்த்து ஓய்ந்த பிறகும் அந்தப் பெருமை மட்டும் குறையவில்லை.

அதுதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட மனைவி சரளாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற அவரால் தனியாக முடியவில்லை.

மகள் புனிதா கறாராகச் சொல்லிவிட்டாள். "நீங்க ஒத்த ஆளா தூக்கினா அம்மா இங்கயே இருக்கட்டும்பா. இல்லன்னா ரெண்டு பேரும் கிள்ளான்ல என் வீட்டுக்கு வந்துருங்க."

மகளின் அடுக்குமாடி வீட்டை நினைத்தாலே சரளாவுக்குத் தலை சுற்றும்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தம்புன் சுடுதண்ணிக் குளத்துக்குப் போனார்கள். அப்பாவும் மகளுமாகச் சரளாவைப் பிடித்து இறக்கினார்கள். நெஞ்சளவு நீரில் கனகராஜ் சும்மா அவளுக்கு அடியில் கைகொடுத்துப் பார்த்தார். பூனைக்குட்டியாட்டம் மேலே வந்துவிட்டாள்.

"பாத்தியா! ஒத்தக் கை லா! அம்மா மெலிஞ்சிட்டா."

"என்னத்த மெலிஞ்சேன்? காலையில மூணு தோசை தின்னேன்," என்றாள் சரளா.

"அப்பா, தூக்குறது நீங்க இல்ல, தண்ணி."

"தண்ணிக்கு ஏது கை?"

"அப்ப படியேறி வெளிய கொண்டாங்க, பாப்போம்."

கனகராஜ் அவளை ஏந்திக்கொண்டு ஏறினார். முதல் படியில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் அவள் தோள் நீரைவிட்டு வெளியே வந்தது. யாரோ கையில் கல்லை ஏற்றினாற்போல இருந்தது. இடுப்பும் வெளியே வந்தபோது அடுத்த படிக்கு அவர் கால் எழவில்லை. குனிந்து பார்த்தார். அதே முகம், அதே நனைந்த பூப்போட்ட பாத்தேக் சட்டை. நடுவில் யாரும் வந்து ஏறிக்கொள்ளவில்லை. அப்படியானால் எதுதான் சரளாவின் கனம்? தண்ணீருக்குள் இருந்ததா, இதுவா?

அவளோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் அவளை மறுபடி வாங்கிக்கொண்டது. கை லேசாயிற்று, மண்டை கனத்தது.

"ஏங்க, பிடிவாதம் பிடிச்சு என்னையக் கீழ போட்டுறாதீங்க," என்றாள் சரளா மெதுவாக. "புள்ளையக் கூப்பிடுங்க."

புனிதா வந்து அம்மாவின் காலைப் பிடித்தாள்.

காரில் வெகுநேரம் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தார் கனகராஜ்.

"புனிதா, கிள்ளான்ல இந்த மாதிரி குளம் இருக்கா?"

பின்சீட்டிலிருந்து சரளாவின் குரல் வந்தது. "ஏன், என்னைய அதுலயே ஊறப்போட்டு வைக்கவா?"