நேரம் தப்பி வந்த தண்ணீர்

அந்த ஊரில் யாராவது செத்துப்போனால் முதலில் குழாய்தான் சொல்லும்.

அறுபத்திரண்டு வீடு, மூன்று தெரு, ஒரு மளிகைக்கடை, ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊர் அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு மேலத்தெரு, ஆறே முக்காலுக்கு நடுத்தெரு, ஏழரைக்குக் கீழத்தெரு என்று முறை வைத்துத் தண்ணீர் வரும். எட்டேகாலுக்கு நின்றுவிடும். ஆனால் ஒரு சாவு விழுந்துவிட்டால், அந்த வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தண்ணீர் வேண்டுமே என்று, நேரங்காலம் பார்க்காமல் மூன்று தெருவுக்கும் சேர்த்துத் திறந்துவிடுவார்கள். இதை யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பட்டப்பகலில் குழாய் கொர்கொர்ரென்று இருமினால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஜனங்கள் வாசலுக்கு வந்து மேட்டைப் பார்ப்பார்கள். தொட்டிக்கடியில் நிற்கிற தண்ணிக்காரர் கையை நீட்டி எந்தத் தெரு என்று காட்டுவார். அரை மணி நேரத்தில் ஊரே அந்த வீட்டு வாசலில் நிற்கும். இந்த விஷயத்தில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தண்ணிக்காரர் இருபத்தாறு வருஷமாகத் தொட்டிக்கடியில் இருக்கிற வால்வுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட நேரம் தப்பிப் பொய்யாகத் தண்ணீர் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சிரித்துப் பேசத் தெரியாத மனுஷன், கல்யாண வீட்டில் கூட மணி பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் திறந்தால் அது சாவு, அவர் திறக்காவிட்டால் எல்லாரும் உயிரோடிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. குழாய்தான் சொல்லுமே என்று இருந்த ஊரில், படுக்கையில் கிடக்கிறவரைப் போய்ப் பார்க்கிற பழக்கமே மெல்ல மெல்ல விட்டுப்போயிருந்தது. தண்ணீர் வரவில்லையா, அப்படியானால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கெட்டவர்கள் என்று ஒருத்தரையும் சொல்ல முடியாது. வேலை இருந்தது, மறந்துபோனார்கள்.

தண்ணிக்காரர் வீடு தொட்டியை ஒட்டி அந்த மேட்டிலேயே இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் மோட்டார் கொட்டகை. அக்கம்பக்கம் என்று ஒரு வீடு கிடையாது. பிள்ளைகுட்டியும் இல்லை. அவரும் அவர் மனைவியும்தான்.

மனைவி துணி தைப்பவள். டெய்லரம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவளிடம் அளவு கொடுக்காத பெண் அந்த ஊரில் இல்லை. யாருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும், யார் இடுப்பளவைக் குறைத்துச் சொல்வாள், யார் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து "அக்கா, கொஞ்சம் பிரிச்சு விடு" என்று கெஞ்சுவாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி அளவு எழுதி வைத்திருந்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவள் சிரிப்பு கேட்கும். அப்போதெல்லாம் அந்த மேடு ஏறுவது யாருக்கும் கஷ்டமாக இருந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. முதல் மாதம் வந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள், வாய் நிறைய ஆறுதல் சொன்னார்கள். அப்புறம் தைக்கக் கொடுக்கத் துணி இல்லாதபோது மேடு செங்குத்தாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளரும் கரண்டியும் வைத்திருந்தார் தண்ணிக்காரர். ஏதாவது வேண்டுமென்றால் தட்டுவாள், அவர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடி வருவார். மீதி நேரம் ஜன்னல் வழியாகத் தொட்டியின் நாலு கால்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். பொழுதுபோகாவிட்டால் அளவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பேசுவாள்.

"மளிகைக்கடைக்காரர் சம்சாரம் இப்ப இன்னும் பெருத்திருப்பா, இல்லீங்க? இந்த அளவு செல்லாது."

"நான் எங்க பாத்தேன்?"

"ஊருக்கே தண்ணி விடுறீங்க, ஒரு மனுஷியைப் பாக்க மாட்டீங்களா?"

மழை முடிந்து குளிர் தொடங்கிய சமயத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு அவரை வெளியே கூட்டிப்போய், "அதிக நாள் இல்லை. பாக்க வேண்டியவங்களை வரச் சொல்லுங்க" என்றார். அன்று மாலையே தண்ணிக்காரர் மேட்டை விட்டு இறங்கினார். யாரிடமும் ஒன்றும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், மூன்று தெருவிலும் வாசல் வாசலாக நின்றார்.

"உடம்பு ரொம்ப முடியலை. உங்களையெல்லாம் பாக்கணும்னு சொல்றா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"அடடா! கண்டிப்பா வரோம்ணே. இதென்ன, நீங்க வந்து கூப்பிடணுமா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

எல்லாரும் வருவதாகத்தான் சொன்னார்கள். அதில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. வரத்தான் நினைத்தார்கள். அறுவடை இருந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது. ஒரு மாதத்தில் கீழத்தெருவிலிருந்து ஒரே ஒருத்தி வந்தாள். அவளும் வாசலில் நின்றபடியே, "அக்கா தூங்குறாங்களா? சரி, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். டெய்லரம்மா தூங்கவில்லை.

அன்றைக்குத்தான் அவள் அதைக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு நாள் எனக்காகத் தண்ணி திறந்து விடுங்களேன்."

அவருக்குப் புரியவில்லை. "வேணுங்கிற தண்ணி குடத்துல இருக்கே."

"அந்தத் தண்ணியைச் சொல்லலை. நேரம் தப்பித் திறங்க. எப்படியும் ஒரு நாள் எனக்காகத் திறக்கத்தான் போறீங்க. அன்னைக்கு மொத்த ஊரும் இங்க வந்து நிக்கும். எனக்கு என்ன பிரயோஜனம்? கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை எல்லாரையும் பாத்துட்டுப் போறேனே."

"பேச்சைப் பாரு. பொய்யா எப்படித் திறக்கிறது? இத்தனை வருஷத்துல..."

"வந்து திட்டட்டும். திட்டினாலும் வந்து திட்டுவாங்கல்ல?"

அவர் முடியாது என்றுவிட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. நாலு நாள் நோட்டையும் பிரிக்கவில்லை. ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, அவளுக்குத் தலை வாரிவிடும்போது அவரே சொன்னார்.

"புதன்கிழமை தொட்டி கழுவணும். ஊருக்குச் சொல்லியாச்சு, எல்லாரும் பிடிச்சு வைப்பாங்க. இப்ப வீணாத் திறந்துவிட்டா ரெண்டு நாளைக்கு ஊர் தவிச்சுப் போயிடும். வியாழக்கிழமை திறக்கிறேன். பதினோரு மணிக்கு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பார்க்க வேண்டுமே, இரண்டு நாளும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்கடியில் இருக்கிற பூப்போட்ட நீல உடுப்பை எடுக்கச் சொன்னாள். தனக்கென்று தைத்து ஆறு வருஷமாகியும் போடாமல் வைத்திருந்தது அது. கட்டிலைத் திருப்பிப் போட்டு, இரண்டு தலையணை கொடுத்து, வாசலைப் பார்த்தமாதிரி உட்கார வைக்க வேண்டும் என்றாள். "கூட்டமா உள்ள விட்டுடாதீங்க. ஒவ்வொருத்தரா வரணும். கும்பலா வந்தா எனக்கு முகம் தெரியாது."

"உத்தரவு" என்றார் தண்ணிக்காரர். அவர் ஜோக்கடித்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

புதன்கிழமை காலையில் தொட்டித் தண்ணீரை அடியோடு வடித்துவிட்டு, தேய்க்கிற பிரஷும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு ஏணியேறி உள்ளே இறங்கினார். மூன்று மாதப் பாசி. காலித் தொட்டிக்குள் தேய்க்கிற சத்தம் காதை அடைக்கும், வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு இறங்கி வந்து கைகால் கழுவிவிட்டு, "பசிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

அவள் ஜன்னல் பக்கம் முகம் திருப்பிக் கிடந்தாள். கரண்டி தரையில் கிடந்தது. தட்டினாளா, கை பட்டு விழுந்ததா என்று யாருக்குத் தெரியும்? அவர் அதை எடுத்துத் தம்ளரில் போட்டார். அப்புறம் மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து போய்ச் சக்கரத்தைத் திருகினார். இருபத்தாறு வருஷப் பழக்கம், கால் தானாகப் போனது. மூன்று தெருவுக்கும் சேர்த்து முழுசாகத் திறந்தார். தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. ஊரில் அறுபத்திரண்டு குழாயும் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு அடங்கியிருக்கும். தொட்டி கழுவுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாசலுக்கு வரவில்லை. அவர் மட்டும் வெயிலில் நின்று, தன் வீட்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ நடைதான். இரண்டு தடவை மேட்டுச் சரிவு வரைக்கும் போனார், திரும்பி வந்துவிட்டார்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் சக்கரத்தை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டார். தொட்டி நிரம்ப விடிந்துவிடும். காலையில் வழக்கம்போல முறைத் தண்ணீர் விட்டார், எட்டேகாலுக்கு நிறுத்தினார். பிறகு அவளைக் குளிப்பாட்டி, நீல உடுப்பைப் போட்டுவிட்டார். உடம்பு இளைத்து அது தொளதொளவென்று கிடந்தது. கட்டிலைத் திருப்பி, இரண்டு தலையணையையும் வைத்து, வாசலைப் பார்த்தமாதிரி சாய்த்து வைத்தார். தலை வாரிவிட்டார். அளவு நோட்டைக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சரியாகப் பதினோரு மணிக்குச் சக்கரத்தைத் திருகினார்.

சொல்லிவைத்த மாதிரி ஊர் வந்தது. பாதி வேலையில் வந்தவர்கள், ஈரக்கையோடு வந்தவர்கள், நடக்க முடியாதவர்களைத் தாங்கிக்கொண்டு வந்தவர்கள். பாதிப் பெண்கள் மேலே அவள் தைத்ததுதான் இருந்தது. மளிகைக்கடைக்காரர் சம்சாரம் பெருத்திருக்கவில்லை, இளைத்துத் துரும்பாயிருந்தாள். தண்ணிக்காரர் அதைக் கவனித்தார், உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தும் விட்டார்.

மளிகைக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"எப்பண்ணே?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தா? ஏண்ணே, தண்ணி இல்லேன்னா என்ன, கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க வந்திருக்க மாட்டோமா?"

"போன மாசம் வந்து சொன்னேனே" என்றார் தண்ணிக்காரர். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார்.

மளிகைக்கடைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் நின்ற பெண்கள் ஓவென்று அழுதபடி மொத்தமாக உள்ளே நுழையப் போனார்கள். தண்ணிக்காரர் ஓடிப்போய் வாசலில் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"ஒவ்வொருத்தரா வாங்கம்மா" என்றார். "கும்பலா வந்தா அவளுக்கு முகம் தெரியாது."