எங்கள் கடைக்குப் பக்கத்தில் வேண்டாம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையைத் திறந்து, ஊதுபத்தி கொளுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்க்கிறேன் — பக்கத்துக் காலி இடத்தில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பகீரென்றது.

என்னை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மட்டுமே தெரிந்தவர்களுக்கு ஒரு தகவல். நான் சோறு சாப்பிடுவது எழுத்தால் இல்லை, எவர்சில்வரால். அரியலூர் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பத்தடி அகலம், வாடகைக் கட்டடம். பக்கத்தில் இருப்பது நகராட்சி இடம். பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த பிறகு சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று என் அண்டாக்களையும் குண்டான்களையும் அங்கே அடுக்கிவைக்க ஆரம்பித்தேன். எட்டு வருஷத்தில் அது என் அப்பா எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து மாதிரி ஆகிவிட்டது.

"என்ன சார் அளக்கறீங்க?"

"லேடீஸ் டாய்லெட் வருது சார். கவுன்சில்ல பாஸ் ஆயிடுச்சு. கடைக்காரங்க யாருக்காச்சும் ஆட்சேபனை இருந்தா பதினைஞ்சு நாளுக்குள்ள எழுதிக் குடுங்க" என்றார் ஓவர்சியர், ரொம்ப மரியாதையாக.

ஆட்சேபனை இருந்தாலா? நான் விற்பது என்ன? குத்துவிளக்கு, பொங்கல் பானை, கல்யாணப் பெண்ணுக்குச் சீர் பாத்திரம்! மாப்பிள்ளை வீடும் பெண் வீடுமாக நல்ல நேரம் பார்த்துப் படியேறுகிறார்கள். அவர்கள் வரும்போது பக்கத்தில் கக்கூஸ் கதவு திறந்து மூடினால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலமே வர்த்தகர் சங்கக் கூட்டம். சும்மா சொல்லக் கூடாது — பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை! எல்லாருக்கும் அக்கா தங்கச்சி இருக்கிறார்கள் அல்லவா? ஜவுளிக்கடைக்காரர், "தபால் ஆபீஸ் பக்கம் கட்டலாமே" என்றார். தபால் ஆபீஸ் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நகைக்கடைக்காரர், "பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு இருக்கே, போதாதா?" என்றார். நான் என் பங்குக்கு மார்க்கெட்டின் பின்புறத்தைச் சிபாரிசு செய்தேன். ஊரில் அவரவர் கடை வாசலைத் தவிர மற்ற எல்லா இடமும் பொருத்தமாகத்தான் இருந்தது.

மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன... நானே ஆசையாக வாங்கிக்கொண்டேன். 'மங்கலப் பொருட்கள் விற்பனையாகும் வீதியின் மாண்பு கருதி' என்று ஆரம்பித்தேன் பாருங்கள் — சங்கத் தலைவர் படித்துவிட்டு, "பிரமாதம் சார். கமிஷனரே கண்ணு கலங்கிடுவாரு" என்றார்.

சரி, கடை கடையாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டுமே. யாரை அனுப்புவது?

மலர்க்கொடியைத்தான். என் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். தா.பழூர் பக்கத்தில் ஒரு கிராமம். காலையில் ஏழரை மணிக்குப் பஸ் ஏறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து, சிமென்ட் லாரிகள் கிளப்பிவிட்ட தூசியைப் பாத்திரம் பாத்திரமாகத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்வாள். எந்தச் சாமான் எந்த அலமாரித் தட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கடைச் சாவியை என் மச்சினனிடம் கொடுக்க யோசிப்பேன். அவளிடம் கொடுக்க யோசித்ததே இல்லை.

"மலரு, இந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கடையா போயிட்டு வாம்மா. முதலாளிங்க கையெழுத்து மட்டும் போதும்."

வாங்கிப் படித்தாள். பத்தாவது பாஸ் செய்தவள். நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். எழுதுகிறவனுக்கு யார் கிடைத்தாலும் வாசகர்தானே!

"நல்லாருக்குங்க சார்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பங்குனி வெயில். இரண்டு மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து வந்து நின்றாள். ஒரு கடை விடாமல் வாங்கியிருந்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எதிர்க்கடையில் ஒரு நன்னாரி சர்பத் சொன்னேன்.

"வேணாங்க சார். தாகமில்ல."

"இந்த வெயில்ல தாகமில்லையா? நீ என்ன ஒட்டகமா?"

சிரித்தாள். சர்பத்தை நானே குடித்தேன்.

இரண்டு நாள் போயிருக்கும். வசந்தா — என் மனைவி — தினமும் ஒரு மணிக்கு ஸ்கூட்டியில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். அன்றைக்கு வந்தவள் கேரியரை வைத்துவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். மலர்க்கொடி பின்தட்டுக்குக் கீழே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறதாம். கல்லாவுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவில் எட்டடி தூரம்தான். எனக்குத் தெரியவில்லை.

வசந்தாவே ஸ்கூட்டியில் உட்கார வைத்து டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். நாலு மணிக்குத் தனியாகத் திரும்பி வந்தாள்.

"எங்க மலரு?"

"அவ வூட்டுக்காரர வரச் சொல்லி அனுப்பி வச்சிட்டேன். யூரின்ல இன்ஃபெக்‌ஷனாம். இந்த வருஷத்துலயே மூணாவது தடவை. 'தண்ணி குடி, அடக்கி வைக்காதேன்னு எத்தனை தடவம்மா சொல்றது'ன்னு டாக்டரம்மா திட்டுறாங்க."

"குடிக்க வேண்டியதுதானே? கேன் தண்ணி வாங்கித்தானே வச்சிருக்கேன்!"

வசந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"குடிச்சிட்டு எங்கங்க போறது?"

அட... எங்கே போவது? இந்தப் பத்தடிக் கடையில் ஒரு வாஷ்பேசின் வைக்கக்கூட வழி கிடையாது. எனக்கென்றால் டீக்கடைப் பின்புறம் இருக்கிறது, சந்து இருக்கிறது. ஆம்பளைக்கு இந்த ஊரில் எந்தச் சுவரும் மறைவுதான்.

"பஸ் ஸ்டாண்டு..." என்று இழுத்தேன்.

"போகப் பத்து நிமிஷம், வரப் பத்து நிமிஷம். போயிட்டுத்தான் இருந்திருக்கா. ஒருநாள் நீங்க கல்லாவுல உட்கார்ந்துக்கிட்டு, 'என்ன மலரு, பஸ் ஸ்டாண்டுக்குப் போனியா, இல்ல திருச்சிக்கே போயிட்டு வர்றியா'ன்னு கேட்டீங்களாமே. வந்திருந்த கஸ்டமரெல்லாம் சிரிச்சாங்களாம்."

கேட்டேனா? சத்தியமாக ஞாபகமில்லை. ஆனால் கேட்டிருப்பேன். அது என் ஜோக்தான். என் ஜோக் எனக்குத் தெரியாதா?

"ஆறு வருஷம் ஆச்சாம். அதுலேர்ந்து போறத விட்டுட்டா. காலையில வூட்டுல அரை டம்ளர் காப்பி. அப்புறம் ராத்திரி வூட்டுக்குப் போய்த்தான் தண்ணி."

"உன்கிட்ட சொன்னாளா?"

"எங்க சொன்னா? டாக்டரம்மா குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. அழுதுட்டா. அப்பதான் வந்துச்சு. அதுக்கும், 'சார் தமாஷாத்தான் சொன்னாருக்கா, எனக்குத்தான் கூச்சமாப் போச்சு'ங்குறா."

வசந்தா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்லா மேஜையில் அந்த மனு இருந்தது. வரிசையாகக் கையெழுத்துகள். வீதியில் எத்தனையோ பேர் இருக்க, யார் கையில் கொடுத்து அனுப்பினேன்! அவளும் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாளே!

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அழ முடியுமா? ஒரு தவலையைத் துடைக்கிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சங்கத் தலைவரின் ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனேன்.

"தலைவரே, அந்த மனுவக் குடுக்க வேணாம்."

"என்ன சார் இது? எழுதினதே நீங்கதானே!"

"ஆமா. அதான் தப்பு."

"உங்க கடைக்குப் பக்கத்துலதான் சார் வருது. சீர் பாத்திரம் வாங்க வர்றவங்க முகம் சுளிச்சா என்ன பண்ணுவீங்க?"

"வர்றவங்க யாரு தலைவரே? பொம்பளைங்கதானே? ஜயங்கொண்டத்துலேர்ந்து, செந்துறையிலேர்ந்து பஸ் ஏறி வர்றாங்க. கல்யாணச் சாமான்னா நாலு கடை ஏறி இறங்கணும். அவங்க எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டு, மலர்க்கொடியின் கதையைச் சொன்னேன். என் ஜோக்கையும் மறைக்கவில்லை.

தலைவர், "என் சம்சாரம் கடைக்கு வந்தா அரை மணி நேரத்துல வூட்டுக்குப் போவணும்னு பறக்கும் சார். சுகர் இருக்கு அதுக்கு. நான் என்னமோ டிவி சீரியலுக்குத்தான் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது மனு எழுதினேன். மூன்றே வரி. இங்கேயே கட்டுங்கள். சீக்கிரம் கட்டுங்கள். தண்ணீர் வருகிற மாதிரியும் கதவு தாழ்ப்பாள் விழுகிற மாதிரியும் கட்டுங்கள். மாண்பெல்லாம் ஒன்றும் கிடையாது. தலைவர்தான் முதல் கையெழுத்து.

இந்தத் தடவை நானே அலைந்தேன். சிலர் போட்டார்கள். சிலர், "போன வாரம் வேணாம்னீங்க, இந்த வாரம் வேணும்ங்குறீங்க... கதை எழுதுற ஆளுங்களே இப்படித்தான்" என்று கிண்டலடித்துவிட்டுப் போட்டார்கள். நகைக்கடைக்காரர், "பார்க்கலாம்" என்றார். ஜவுளிக்கடையில் முதலாளி கையெழுத்துப் போட்டு முடித்ததும், சேலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டது. "நாங்களும் போடலாமா சார்? நாங்க வியாபாரி இல்லையே."

"நீங்க இல்லாம என்னம்மா வியாபாரம்? போடுங்க."

பேனா கை மாறிக் கை மாறிப் போனது. பேப்பர் பத்தவில்லை. ஜவுளிக்கடை பில் புக்கிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தார்கள்.

கட்டடம் முடிகிற வரைக்கும் என்ன செய்வது? பின்தெருவில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் மேனேஜர் தினமும் என்னோடு டீ குடிக்கிறவர். கீழ்த்தளத்தில் ஒரு பாத்ரூமை வீதியில் வேலை செய்கிற பெண்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று கேட்டேன். "இதுக்கென்ன சார், முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம்தான். பதினோரு வருஷமாக இந்த ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை.

இதை எழுதுகிற இந்த வாரம் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. அண்டா, குண்டான் எல்லாம் கடைக்குள் வந்துவிட்டன. நடக்க இடமில்லை. வியாபாரம் என்ன ஆகும்? தெரியாது. ஆகிறது ஆகட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது, மலர்க்கொடி திரும்பி வேலைக்கு வந்த அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி.

வந்ததும் வராததுமாகத் துணியை எடுத்துப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்தாள். என்ன பேசுவது என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"மலரு... நான் அன்னைக்குச் சொன்னது... தப்பும்மா."

"ஐய, விடுங்க சார். அக்கா சொல்லிட்டாங்களா?" அவள் கை இன்னும் வேகமாகத் துடைத்தது.

"கையெழுத்து வாங்கச் சொன்னப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சார் சொல்றது?"

துடைத்த பாத்திரத்தைத் தட்டில் வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "முதலாளிங்கெல்லாம் ஒடனே போட்டுக் குடுத்துட்டாங்க சார். கடைப் பொண்ணுங்கதான் என்னையே பார்த்துச்சுங்க. ஜவுளிக்கடைப் பொண்ணு ஒண்ணு, 'ஏங்க்கா, உங்களுக்கு மட்டும் வேற வழி இருக்கா'ன்னு கேட்டுச்சு. அதான் சார் தாங்கல."

புது மனுவை எடுத்து நீட்டினேன். இந்தத் தடவையும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பேனா வாங்கி, இருந்த கொஞ்ச இடத்தில் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் நெருக்கி நெருக்கி எழுதினாள். லாட்ஜ் விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். கடையில் கூட்டம். கும்பகோணம் டபரா கேட்டு ஒரு குடும்பம் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மலர்க்கொடி, "சார், போயிட்டு வந்துடறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தவள் நேரே தண்ணீர் கேன் பக்கம் போனாள். ஒரு சொம்பை எடுத்துப் பிடித்தாள். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. பதினோரு வருஷத்தில் அவள் இப்படித் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னொரு சொம்பு குடிச்சுக்கட்டுங்களா சார்?"

"பாத்திரக்கடையில சொம்புக்கா பஞ்சம்? குடிம்மா."