பேய் நாவலுக்கு அனுமதிக் கடிதம்

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய பேய் நாவல்களின் முதல் பதிப்புகளைச் சேர்க்கிறேன். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவளுக்குப் பேய்கள் புதிதல்ல. இன்று விஜயநகர் வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரித்ததும் மைதாப் பசையின் வாசனை அடித்தது. மைசூரில் எங்கள் பழைய தெருவில் அப்போது இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட தமிழ் வாடகை நூலகத்தின் வாசனை அது: நூலகத்தை நடத்திய ராமண்ணா காலையெல்லாம் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பார், மின்விசிறி கடகடக்கும், நான் பேய்கள் அடுக்கியிருந்த மேல்தட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அப்பா லெட்டர் இல்லாம பேய் புக் கிடையாதும்மா" என்பார் அவர்.

பத்து வயதில் என் முதல் விண்ணப்பத்தை எழுதினேன்: 'என் மகள் பயப்பட மாட்டாள் என உறுதியளிக்கிறேன்.' கீழே அப்பாவின் கையெழுத்தையும் நானே போட்டேன்.

"அப்பாதானே போட்டாரு, ஹௌதா? நிஜம்தானே?" என்றார் ராமண்ணா. தலையாட்டினேன். புத்தகம் கிடைத்தது.

பார்சலில் வந்திருப்பது அதே பிரதி. பின்னட்டையின் உட்புறம் என் கடிதம் ஒட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில் ராமண்ணாவின் பென்சில் எழுத்து: 'அவள் அப்பா நேற்றே வந்து, கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா ஆசையாக நிற்கிறாள். கொடுத்தாயிற்று.'

என் பணிக்காலம் முழுவதும் இவ்வளவு நல்ல அலுவலகக் குறிப்பை நான் பார்த்ததில்லை.