பேர் எழுதாத ஃபோல்டர்

சாய்கலுக்குச் சொந்தக்காரர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது அவர்கள் அனுப்பிய வீடியோக்களால்தான். மாமனார் இறந்த வருஷ விருந்தில் போட ஒரு படம் தயார் பண்ண வேண்டும், அவர் இருக்கிற வீடியோ யாரிடம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று குடும்பக் குழுவில் ஒரு வரி எழுதினாள். மதகு திறந்த மாதிரி வந்து விழுந்தது. ஆட்டுத்தலையைக் கூறு போடுகிற கைகள். கொழுப்பு வழிகிற வாய்கள். லென்ஸ் மேல் எண்ணெய் விரல் பட்டு, கல்யாண வீடே பனிமூட்டத்தில் நடந்தது போன்ற காட்சிகள். பெரியப்பா மகள் ஒருத்தி அனுப்பியதில், செத்துப்போன மனிதரின் நரைத்த தலையில் முயல் காது முளைத்திருந்தது. போனில் அப்படி ஒரு விளையாட்டு உண்டு, அதை எடுத்துவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

நரீன் நகரத்துச் சித்தப்பா இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். டிவியில் ஓடிய பழைய கல்யாணப் படத்தைப் போனால் படம்பிடித்து அனுப்பியிருந்தார். திரையில் மாமனார் கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்க, அவர் மேலேயே சித்தப்பாவின் பனியனும் தொப்பையும் பிரதிபலித்தன. நடுவில் தொப்பையைச் சொறிந்துகொள்கிற சத்தம்கூடப் பதிவாகியிருந்தது.

சாய்கல் அவருக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, ஒரிஜினல் இருந்தா அதை அனுப்புங்க. அதையும் வீடியோவா அனுப்பாதீங்க, ஃபைலா அனுப்புங்க. இல்லேன்னா வழியில பிழிஞ்சு சக்கையாக்கிடும்."

"வீடியோவை வீடியோவா அனுப்பாம எப்படிம்மா அனுப்பறது? மாட்டை மாடா ஓட்டாம ஆடாவா ஓட்டுவாங்க?"

பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். அவள் போனை வைத்துவிட்டாள். விளக்கிச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் விளக்குவதென்றால் அந்த வாய்களோடு இன்னும் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

அத்-பாஷி மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் வேதியியல் டீச்சர். கோச்கோரிலிருந்து மருமகளாக வந்தவள். புருஷன் மெலிஸ் கட்டட வேலைக்கு ரஷ்யா போன பிறகு, மகள் தவழ்ந்ததையும் பல் முளைத்ததையும் அவனுக்கு வீடியோவாக வெட்டி ஒட்டி அனுப்பப் போய்த்தான் இந்த வேலை ஒட்டிக்கொண்டது. பிறகு ஊர்க் கல்யாணம், தொட்டில் விழா, சந்தையில் ஆட்டுத்தோல் கோட்டு விற்கிறவனின் விளம்பரம் எல்லாம் அவளிடம் வந்தன. ஆரம்பத்தில் போன் வீடியோவை அப்படியே போட்டு வெட்டி, கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்று, பேச்சு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக ஓடி, அழுதும் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். வெட்டுவதற்குக் கனமான ஃபைல், ஊருக்கு அனுப்ப லேசான எம்பி ஃபோர், மூலத்தின் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் மூலம், சத்தம், வெட்டியது, அனுப்புவது என்று தனித்தனி அறைகள். எல்லாம் இரண்டு டிஸ்க்கில். ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை.

லேபிளில் பேர் எழுதுவதுதான் பிரச்சினை. புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதவும் கூடாது. வந்த புதிதில் கரண்ட் பில்லைப் பார்த்து "ஓரோஸாலி" என்று மாமனார் பேரை உரக்கப் படித்துவிட்டாள். மாமியார் உல்கான் மாவு பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உங்க ஊர்ல மருமகளுங்க வாய்க்குப் பூட்டே கிடையாதா?" ஒரு வாரம் அந்தப் பேச்சு தெருவெல்லாம் சுற்றியது. அதற்குப் பிறகு சாய்கல் எல்லாருக்கும் வேறு பேர் வைத்துவிட்டாள். மாமியார் சமோவார், எப்போதும் கொதிக்கிற தேநீர்ப் பாத்திரம். மாமனாரின் அண்ணன் நெட்டையர். கோடையிலும் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றாத மாமனார், கம்பளிக் கோட்டு. டிஸ்க்கிலும் அதே பேர்கள்தான்.

அந்தக் கம்பளிக் கோட்டு ஃபோல்டரில் இருந்தது ஒரே ஒரு படப்பிடிப்பு. இரண்டாவது குழந்தையின் தொட்டில் விழாவுக்கு மெலிஸ் வர முடியவில்லை. நாளுக்கு நாலு வார்த்தை பேசாத மாமனார் அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து, "மெஷினைப் போடும்மா, மூத்தவனுக்குக் கொஞ்சம் பேசணும்" என்றார். பேசினார். மகனைச் சின்ன வயதில் குதிரைச் சவுக்கால் அடித்ததைச் சொன்னார், அது தப்பு என்றார், பிறகு இரண்டு கையையும் விரித்து ஆசி கொடுத்து, அதே கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார். சாய்கல் இரவல் கேமராவில், நல்ல மைக்கில் எடுத்தாள். சுருக்கி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு மெலிஸ், "வேணாம். கட்டம் கட்டமா அப்பா மூஞ்சியப் பாக்க முடியாது. வந்து பெரிசாப் பாத்துக்கறேன்" என்றான். அவன் வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அடக்கத்துக்கும் விமானம் கிடைக்கவில்லை. ஆக, அப்பா தனக்குச் சொன்னதை மகன் இன்னும் கேட்கவே இல்லை. சாய்கலும் தன் வாயால் அதைச் சொல்லவில்லை. அவர் வாயால்தான் அவன் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

விருந்து நெருங்கியது. குதிரை அறுத்தார்கள். குடல் முழுவதையும் புரட்டிக் கழுவும் வேலை மருமகளுடையது. அந்த நேரம் பார்த்துத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கடைக்குட்டிக் கொழுந்தன் எல்தியார் வந்து இறங்கினான். அங்கே போன் உறை விற்கிற கடை வைத்திருக்கிறான். அதனால் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பு.

"படத்த அவன் பாத்துக்குவான்," என்றாள் உல்கான். "நீ குடலைப் பாரு."

"பாதி வெட்டி வெச்சிருக்கேன் அத்தை. டிஸ்க்குல எடம் இல்லாம இருக்கு, அவரு தொட்டா—"

"என் புள்ள தொட்டா டிஸ்க்கு தீட்டாயிடுமா?"

எதிர்த்துப் பேசினால் விருந்து முடிகிறவரை அதையே பாடுவாள் என்று சாய்கல் முற்றத்துக்குப் போனாள். குடலின் உள்பக்கத்தில் பாதி செரித்த புல் பச்சையாக ஒட்டியிருந்தது, நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. சொந்தக்காரர்களின் வீடியோவைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகிவிடும்.

விருந்துக்கு முந்தின நாள் காலையில் மெலிஸ் வந்தான். தேநீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

"மொதல்ல அதப் போடு. விருந்துல எல்லார் முன்னாடியும் மொதத்தடவ பாத்தா தாங்க மாட்டேன்."

சாய்கல் கையைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. அவள் வெட்டி அடுக்கியிருந்த ஒவ்வொரு துண்டும் ஃபைல் காணவில்லை, காணவில்லை என்றது. டிஸ்க்கைத் திறந்தாள். அவள் போட்ட அறை ஒன்றையும் காணோம். 'எல்லாம்', 'எல்லாம் புதுசு', 'ட்ரோன்' என்று மூன்று ஃபோல்டர் கிடந்தன. எல்தியாரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதுல என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன் அண்ணி! எத்தனை குப்பை சேத்து வெச்சிருக்கீங்க. ஒரே வீடியோ மூணு எடத்துல! எல்லாத்தையும் எம்பி ஃபோர் ஆக்கிச் சுருக்கிட்டேன். பெரிசா மலையாட்டம் கெடந்ததத் தூக்கிட்டேன். பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"கம்பளிக் கோட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே?"

"அது சந்தைக் கோட்டுக்காரன் விளம்பரம்தானே? அதையெல்லாம் எதுக்கு இன்னும் வெச்சுக்கிட்டு? மொத்தமா அழிச்சிட்டேன்."

"தெறந்து பாத்தீங்களா?"

"பேரே சொல்லுதே அண்ணி."

"ரெண்டாவது டிஸ்க்கு..."

"அதையும் இது மாதிரியே ஆக்கிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தானே நல்லது? மிச்ச எடம் பூரா என் ட்ரோன் வீடியோதான். சும்மா கலக்கல்!"

அவன் சிரித்தான். பல்லிடுக்கில் குதிரைக் கறி ஒட்டியிருந்தது. மெலிஸ் எழுந்து வெளியே போனான். சாய்கல் முற்றத்துக்குப் போய், குடல் கழுவின வாளிக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். அந்த வீட்டில் மருமகள்கள் தன் அப்பா பேரைச் சொல்வதில்லை என்பது எல்தியாருக்குத் தெரியும். அந்தப் பேருக்குப் பதிலாக அவள் என்ன சொல்கிறாள் என்று அவன் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. அவன் மட்டுமில்லை, அந்த வீட்டில் யாருமே கொடுத்ததில்லை.

அழிந்ததை மீட்கிற நிரல் ஒன்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவந்து ஓடவிட்டுப் பார்த்தாள். டிஸ்க்கில் மாமனார் இருந்த இடத்தின் மேலேயே ட்ரோன் படம் உட்கார்ந்திருந்தது. மலை, மலைக்குப் பக்கத்தில் எல்தியாரின் கார், மறுபடியும் மலை. ஊரான் தோட்டத்தில் மாட்டை விட்டவன்கூட வேலியோரம் நாலு செடியை மிச்சம் வைப்பான்.

விருந்தன்று எல்தியாரின் படம்தான் ஓடியது. ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டே பார்த்தார்கள். மேலிருந்து கூடாரம், மேலிருந்து கார், டமடமவென்று ஒரு பாட்டு, நடுநடுவே ஓரோஸாலி. சுருக்கிச் சுருக்கி, மூக்கு எது மீசை எது என்று தெரியாத பழுப்புக் கட்டங்களாக அவர் வந்து போனார். ஓரிடத்தில் முயல் காதோடும் வந்தார். நரீன் சித்தப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "அப்படியே உசுரோட பாத்த மாதிரி இருக்குப்பா!" என்றார். பெண்கள் விசும்பினார்கள். விசும்பிய வாயிலேயே அடுத்த துண்டும் போனது. சாய்கலுக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரே ஒருத்தராவது இது அவரில்லை என்று சொல்லமாட்டார்களா என்று பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு வீட்டு ஆட்கள் மட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உல்கான் கேட்டாள்.

"அவரு மூத்தவனுக்கு ஆசி குடுத்தாரே, நானும்தானே பக்கத்துல இருந்தேன். அது எங்கே?"

மெலிஸ்தான் தாழ்ந்த குரலில் சொன்னான். கோட்டு என்று பேர் போட்டிருந்ததையும், தம்பி அழித்ததையும், இனி கிடைக்காது என்பதையும் சொன்னான். உல்கான் கடைக்குட்டியைப் பார்க்கவே இல்லை. நேரே மருமகளைப் பார்த்தாள்.

"கோட்டுன்னு எழுதினா அவன் என்னத்தக் கண்டான்? ஒரு மனுஷன் பேரை ஒழுங்காப் போட்டு வெச்சிருக்கக் கூடாதா? என் புள்ளைக்கு அவன் அப்பன் பேச்சு இல்லாமப் பண்ணிட்டியேடி!"

"ஆமா அண்ணி, பேர் போட்டிருந்தா நான் தொட்டிருப்பேனா?" என்றான் எல்தியார்.

சாய்கல் கம்ப்யூட்டரை எடுத்து மாமியார் முன்னால் வைத்தாள். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டாள். பேர் எழுதும் இடத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"சரி அத்தை, இனிமே ஒழுங்காப் போட்டுடறேன். பேரு என்ன, சொல்லுங்க."

உல்கான் வாயைத் திறந்தாள். அவளும் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான். பதினேழு வயதில் வந்த நாளிலிருந்து, அவரைக் குழியில் இறக்கிய நாளிலும்கூட, அந்தப் பேரை அவள் வாய் உச்சரித்ததில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஓரோ—" என்று எல்தியார் ஆரம்பித்தான். மெலிஸ் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"நீங்க சொல்லுங்க அத்தை," என்றாள் சாய்கல். "நான் எழுதிக்கறேன்."

உல்கான் முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெரியவர்கள் அழுதால் மருமகள்தான் எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். எல்லாரும் சாய்கலைப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.