நாற்பத்தொன்றுக்கு ஒன்பது

என் பீரோவின் உள்ளறையில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில், நான்காக மடித்த லாங் சைஸ் தாள்கள் நான்கு இருக்கின்றன. நீல மையில் எழுதியிருப்பது நான். அதன்மேல் சிவப்பு மையில் திருத்தியிருப்பது என் மாணவி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சரி அல்லது ஒரு தப்பு; கடைசிப் பக்கத்தின் அடியில் வட்டம் போட்டு, நாற்பத்தொன்றுக்கு ஒன்பது. இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிற எனக்கு யாரும் போட்ட மதிப்பெண் அது ஒன்றுதான். அதை எடுக்கும்போதெல்லாம் முதலில் எரிச்சல்தான் வருகிறது. கூட இரண்டு மதிப்பெண் போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாள்?

அப்போது நான் கல்வராயன் மலையில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கள்ளக்குறிச்சியில் வீடு, காலையில் வெள்ளிமலை பஸ் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். எங்கள் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, மரவள்ளித் தோலைக் காயவைத்து அரைத்து அட்டை செய்து காட்டியதற்காக, ஒரு வாரக் கல்விப் பயணமாக ஜப்பானுக்குத் தேர்வானாள். அவளை அனுப்பிவைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் அதுவரை போயிருந்த தூரதேசம் திருப்பதி. ஆனாலும் இரண்டே நாளில், கைப்பேசியில் பார்த்தது, துபாயில் இருந்துவிட்டு வந்த என் நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னது, என் சொந்தக் கற்பனை எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு அறிவுரை எழுதிவிட்டேன். தலைமை ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஜாஸ்தியா இல்ல?" என்றார். "குறைச்சிட்டுத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றேன்.

இந்தக் கதையில் என் பொறுமையைச் சோதித்தது அந்தப் பெண் அல்ல, அவளுடைய அம்மா. மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிறவர். கணவர் இல்லை. ஒல்லியான உடம்பு, மண் படிந்த நகம், எதற்கும் ஒரே பதில்: "சரிங்க டீச்சர்." திங்கட்கிழமை ரேஷன் கார்டு நகலோடு வாருங்கள் என்றால் "சரிங்க டீச்சர்", புதன்கிழமை அசல் கார்டோடு வருவார். பாஸ்போர்ட்டுக்கு நான்கு போட்டோ என்றால் "சரிங்க டீச்சர்". ஊர்த் திருவிழாவில் எடுத்த குடும்பப் படம் ஒன்று வரும், அதில் என் மாணவி கைக்குழந்தை. நான் கத்துவேன். அவர் தரையைப் பார்த்தபடி நிற்பார். கத்தி முடித்ததும் இன்னொரு "சரிங்க டீச்சர்". சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும் என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பியிருக்கிறேன்.

என் பட்டியலின் முதல் அறிவுரை ஷூவைப் பற்றியது. 'வெளிநாட்டில் ஷூவை எந்த இடத்திலும் கழற்றக் கூடாது. நம் ஊர் மாதிரி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால் சிரிப்பார்கள்.' எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் செருப்பை வகுப்பு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை, வீட்டில் செய்வதைப் பள்ளியிலும் செய்தார்கள். அதனால் அவளுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்தேன். வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடக்க, அவள் ஒருத்தி மட்டும் கறுப்பு ஷூவோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பழக்கமில்லாத கால். ஒரே வாரத்தில் குதிகால் இரண்டிலும் கொப்புளம் உடைந்துவிட்டது.

அதற்காக மட்டும் அவளுடைய அம்மா கூப்பிடாமலேயே வந்தார். "காலு புண்ணாப் போச்சுங்க டீச்சர்" என்றார். பழகிவிடும் என்றேன். "அங்க யாருமே செருப்ப உட மாட்டாங்களாங்க?" என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். "சாமி கும்பிடற எடத்துல கூடவா? வூட்டுக்குள்ள கூடவா?" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஜப்பானைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அவர் சொன்ன பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெரிய இடி விழுந்தது. அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு வரும் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை ஊர்க்காரர்கள் பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். வெளியே தங்கக் கூடாது. விமானம் அதற்கு அடுத்த வாரம், திருவிழாவோ அதற்கும் பிறகு. இதை அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அன்று மத்தியானமே அவளுடைய அம்மாவை வரவழைத்தேன். "காப்பு கட்டிட்டா ராத்தங்கல் கூடாதுங்க டீச்சர். ஊரு கட்டுப்பாடு" என்றார். நான் வரவழைத்துப் பேசி, அவர் 'சரிங்க' என்று தொடங்காத ஒரே தடவை அதுதான். மற்றதை நான் பேசினேன். விமானம் உங்கள் மாரியம்மனுக்காக நிற்காது என்றேன். இப்படியே இருந்தால் உங்கள் மகளும் கிழங்கு பிடுங்கிக்கொண்டுதான் இருப்பாள் என்றேன். மற்ற ஆசிரியர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அதை நான் முடியாது என்ற பதிலாக எடுத்துக்கொண்டேன். தலைமை ஆசிரியரிடம் போய், இந்த அம்மாவோடு மாரடிக்க முடியாது, அடுத்த இடத்தில் இருக்கிற மாணவரை அனுப்பச் சொல்லி எழுதிவிடுங்கள் என்றேன். அவர் ரெண்டு நாள் பார்க்கலாம் என்று இழுத்தார். விடவில்லை. வெள்ளிக்கிழமை கடிதத்தை நானே தட்டச்சு செய்து கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மலையில் அன்று நெட் இல்லை. மின்னஞ்சல் போகவில்லை. திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். நெட் இல்லாததற்காக நான் கும்பிடு போட வேண்டிய நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், என் வீட்டு வாசலில் அம்மாவும் மகளும். மகள் கையில் பெட்டி. அம்மா தலையில் ஒரு சின்ன மூட்டை. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்கள். "நாளைக்குக் காப்பு கட்றாங்க டீச்சர். அதான் இன்னிக்கே இட்டுக்கினு வந்துட்டன். கட்டும்போது ஊர்ல இல்லாதவங்களுக்குக் கட்டுப்பாடு கெடையாது. ஏரோப்ளேன் ஏர்ற வரைக்கும் உங்க வூட்ல இருக்கட்டுங்க." மூட்டையில் சாமை அரிசி இருந்தது, மகள் ஒன்பது நாள் என் வீட்டில் சாப்பிடுவதற்கு. எனக்குத் தெரியாத வழியா இது? எங்கள் தெருவிலேயே, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் காப்புக்கு முந்தின நாள் ஹாஸ்டலுக்குப் போய்விடுவார்கள். கோபத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கத்தை மறைக்க அதற்கும் எரிந்து விழுந்தேன்: "முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க கோவமா இருந்தீங்களே டீச்சர்."

அந்தக் கடிதத்தை அன்று பள்ளிக்குப் போன உடனே கிழித்துப் போட்டேன். அப்படி ஒரு கடிதம் இருந்தது என்று அந்த அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

கிளம்பும் நாளன்று அவர் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். கையில் மஞ்சள் நூல் காப்பு. சென்னை வரைக்கும் வாருங்கள், மகள் விமானம் ஏறுவதைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பலாம் என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். "ராத்தங்க முடியாதுங்களே" என்று கையைக் காட்டினார். மகளைக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, தான் அதற்குள்ளேயே நின்றுகொண்டவர். அவரைப் போய் ஒத்துழைக்காத பெற்றோர் என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். பஸ் புறப்படும்போது சன்னலோரம் எட்டி, மகளின் காதில் ஏதோ சொன்னார். நான் இந்தப் பக்கம், பட்டியலை எடுத்துக்கொண்டாயா, பட்டியலை எடுத்துக்கொண்டாயா என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் தியாகதுருகம் தாண்டியதும், அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒன்னுமில்ல டீச்சர்" என்று வெளியே பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்து இரண்டாம் நாள் பட்டியலை நீட்டினாள். திருத்தப்பட்டிருந்தது. 'நூடுல்ஸை உறிஞ்சிச் சத்தம் போடாதே': தப்பு, அங்கே எல்லோரும் சத்தம் போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே': தப்பு. 'குப்பையைத் தெருவில் இருக்கும் தொட்டியில் போடு': தப்பு, தெருவில் தொட்டியே இல்லை, பையில் வைத்து எடுத்துவர வேண்டும். 'பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் வாங்கு': சரி. முதல் அறிவுரைக்கு மட்டும் இரண்டு தப்புக் குறி. முதல் நாள் அவர்களை அழைத்துப்போன பள்ளிக்கூடத்தின் நுழைவாசலில் சுவர் நெடுக ஷூ அடுக்குகிற தட்டுகளாம். அத்தனை பிள்ளைகளும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்களாம். கூடப் போனவர்கள் திருதிருவென்று விழிக்க, முதலில் குனிந்து லேஸை அவிழ்த்தது இவள்தானாம். அதெப்படி உனக்குத் தோன்றியது என்று கேட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நாற்பத்தொன்றுக்குக் கீழே சிவப்பு மையில் நாற்பத்திரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தாள்: 'அம்மா சொன்னது. போற எடத்துல மொதல்ல அவங்க செருப்ப எங்க உடறாங்கன்னு பாரு. நீயும் அங்க உடு.' எதிரே ஒரு சரி, மற்றவற்றைவிடப் பெரிதாக.

இந்த வருஷம் மலையில் இன்னொரு பெண் தேர்வாகியிருக்கிறாள், வேறொரு ஊர்க்காரி. நான் இப்போது கீழே வேறு பள்ளிக்கு மாறிவிட்டாலும், அவளுடைய அப்பா எப்படியோ என் எண்ணைப் பிடித்து, நான் எழுதிய லிஸ்ட் வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். நேற்று தாள்களை வெளியே எடுத்தேன். நாற்பத்தொன்றையும் மறுபடி படித்தேன். ஒன்பதே அதிகம்தான். நாற்பத்திரண்டாவதை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஒன்னுதான் வந்துக்குது, மீதி எங்கங்க டீச்சர்?"

"அவ்வளவுதாங்க. அதை மட்டும் சொல்லி அனுப்புங்க. பதினெட்டாம் தேதி காலையில பொண்ணு ரெடியா இருக்கணும்."

பதினெட்டு, பதினெட்டு என்று தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, "சரிங்க டீச்சர்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைத்துவிடப் போகிறாரே என்று கத்தினேன். "இருங்க, இருங்க, வச்சிடாதீங்க. உங்க ஊர்ல எப்பங்க காப்பு கட்றாங்க?"