ஆமைக்கு ஒரு உறுதிமொழி

கல்முனைக் கடற்கரையில் ஒரு மீன்வாடி. 'ஆமை இறைச்சி உண்ணாதீர்' என்று கொழும்பில் அச்சடித்து நாங்கள் கொண்டுவந்த பதாகை ஓலை மறைப்பில் தொங்குகிறது. எங்கள் ஆமைப் பாதுகாப்புத் திட்ட அதிகாரி உறுதிமொழியை வாசிக்க, தொப்பி போட்ட மீனவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறார்கள். இப்படியொரு ஒத்துழைப்பை எந்த ஊரிலும் கண்டதில்லை என்று அவர் பூரித்துப்போகிறார். அறிக்கை எழுதுவது என் வேலை.

எனக்குப் பிளேன்டீ நீட்டும் தோணிக்காரர் ஹனீபாவிடம், ஊர் வழக்கில் அண்ணன் முறை வைத்து, "கஷ்டமான உறுதிமொழிதானே, காக்கா?" என்கிறேன்.

"என்ன கஷ்டம், தம்பி? ஆமை எங்களுக்கு ஹராம். வாப்பாட காலத்திலயும் ஆரும் தின்னல்ல."

"அதச் சொல்லியிருக்கலாமே?"

"தூரத்தால வந்த ஆக்கள், மனம் நோகப்படாதெண்டுதான்." கரையைக் காட்டுகிறார். "ஆமை முட்டையிட்ட மணலெல்லாம் கடல் கொண்டு போயிட்டு. மிச்சத்தில கல்ல அடுக்கியிருக்காங்க. ஆமை ஏற ஏலாமத் திரும்பிப் போகுது. அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

அதிகாரியிடம் கேட்கிறேன்.

"அது எங்கட திட்டத்தில இல்ல. நீங்க எழுதுங்க: இவ்வூரில் ஆமை உண்பது முற்றாக நின்றுவிட்டது."

எழுதுகிறேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார் ஹனீபா காக்கா, சிரிக்காமல்.